ஜான் ஜேக்கப் நைல்ஸ்

தானியேல் தீர்க்கதரிசியின் ஆகமத்திலே, பாபிலோனிய அரசன் நாட்டிய பொற்சிலையைக் குடிகள் பணிதற்கு அடையாளமாக வாத்தியங்கள் பல முழங்கிய செய்தி வருகின்றது. அவ்வாத்தியங்களின் வரிசையில், 1611-ஆம் ஆண்டில் அச்சேறிய ஆங்கில வேதாகமம் டல்சிமர் என்று கூறும் இடத்தில், நம் தமிழ் வேதாகமம் தம்புரு என்று கூறுகின்றது. மூலமொழியில் உள்ள சொல் எக்கருவியைக் குறித்தது என்பதில் அறிஞர்கள் ஒருமிக்கவில்லை. ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இட்ட அச்சொல், அவர் கண்டும் கேட்டுமிராத வேறொரு டல்சிமருக்குப் பெரிதும் பொருந்தி நிற்பது நமக்கு வியப்பையளிக்கின்றது. அது வட அமெரிக்காவின் கீழ்ப்பகுதியிலே வடகிழக்கினின்று தென்மேற்காக நீண்டு கிடக்கும் அப்பலேச்சிய மலைத்தொடரில் வாழும் மக்களின் கருவி. அதனை நகர மாந்தரின் அரங்குகளில் ஏற்றிவைத்தவர்களுள் முன்னோடியும், அது காரணமாகப் புகழும் பழியும் ஒருங்கே எய்தியவருமாகிய ஜான் ஜேக்கப் நைல்ஸ் என்பாருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் கருவியைப் பற்றிச் சிறிது கூறாவிடின் அன்னாருடைய வாழ்க்கை விளங்காது. டல்சிமர் என்னும் பெயருக்கு இன்னிசை என்பது பொருள். இலத்தீனும் கிரேக்கமும் கலந்து பிறந்த சொல் அது. அப்பெயர் உடைய கருவிகள் இரண்டு. ஒன்று, சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி இசைப்பது; அது வடநாட்டுச் சந்தூருக்கு உறவானது. நாம் கூறுவது அஃதன்று. மலைநாட்டு டல்சிமர் மடிமீது கிடத்தி வாசிக்கப்படுவது, நீண்டு ஒடுங்கியது, பெரும்பாலும் இடை சிறுத்த வடிவினது. மூன்று தந்திகள் உடைத்தாதல் பழைய வழக்கு. உடலின் தலை முதல் அடி வரை நடுவே ஒரு பலகை ஓடும்; மெட்டுக்கள் அதன்மேல் பதிக்கப்பட்டிருக்கும். வாசிப்போர் இடக்கையில் ஒரு சிறு குச்சியைப் பற்றித் தமக்கு அண்மையிலுள்ள தந்தியைமட்டும் மெட்டுக்களின்மேல் அழுத்தி நகர்த்துவர். வலக்கையில் வாத்தின் இறகுத்தண்டைப் பிடித்து எல்லாத் தந்திகளையும் ஒருங்கே வருடுவர். ஒரு தந்தி பாட்டின் மெட்டைச் சொல்ல, ஏனையவை மாறாத சுருதியாக ஒலித்துக்கொண்டேயிருக்கும். தம்புரு என்ற சொல் இதற்கு எத்துணைப் பொருத்தம் என்று நாம் வியந்தது இது கருதியே.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பியானோவில் உள்ளதுபோல் எல்லா அரைச்சுரங்களுக்கும் இக்கருவியில் இடமில்லை. ஒரு தொகுதிக்குரிய ஏழு சுரங்களுக்கே மெட்டுக்கள் உள. தாழ்ந்த தந்தியைச் சட்சமாகவும் மற்ற இரண்டையும் பஞ்சமமாகவும் கூட்டினால், மூன்றாம் மெட்டில் சட்சம் பிறந்து ஒருவகைச் சுரவரிசை அமையும். வேறு வகைப் பாட்டுக்கு, மெட்டிசைக்கும் தந்தியின் பிரடையைத் திருகி வேறு சுருதியில் நிறுத்தித் தொடங்குமிடத்தையும் மாற்றுதல் வேண்டும். ஆகவே ஒரு பாட்டினின்று மற்றொரு பாட்டுக்குச் செல்லுமுன் வாசிப்போர் சற்றே தாமதித்துத் தந்தி கூட்டுவதைக் கேட்போர் பொறுத்துக்கொள்வர். இச்சிறு கருவியால் இயலாதன பல. இயல்வதை அது மிகத் தெளிவாகச் செய்யும். செருமானியர் தம் நாட்டினின்று கொணர்ந்த ஷைட்ஹோல்ட் என்னும் பெட்டி வடிவக் கருவியினின்று இது தோன்றியது என்று ஆராய்ந்தோர் கூறுவர். மலைநாட்டில் வீடுதோறும் இஃது இருந்தது என்று எண்ணுதலும் பிழை. பிடிலும் பாஞ்சோவும் எங்கும் ஒலிக்க, டல்சிமர் சிற்சில பள்ளத்தாக்குகளில் மட்டுமே வழங்கிற்று.

நைல்ஸ் 1892-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28-ஆம் நாள் கென்டக்கி நாட்டின் லூயிவில் நகரத்திலே பிறந்தார். ஆகவே அவர் மலைமகன் அல்லர் என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். லூயிவில் ஒஹாயோ ஆற்றங்கரைப் பெருநகர். மலைகள் அதற்குக் கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளன. அவர் தந்தையார் உழவும் தச்சும் அறிந்தவர். பழம்பாடல்கள் பல பாட வல்லவர். தாயார் ஆர்கனும் பியானோவும் பயின்றவர். மைந்தனுக்கு இசையிலக்கணத்தையும் சுரக்குறிப்பு எழுதும் முறையையும் கற்பித்தவர். தந்தையிடம் செவிவழி வந்த பாட்டும், தாயிடம் ஏட்டுவழி வந்த இலக்கணமும் அச்சிறுவனிடத்தே ஒன்று கூடின. பிற்காலத்தில் அன்னார் செய்த நன்மைகளுக்கும் அன்னார்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்கும் இக்கூட்டுறவே வித்து என்பது நம் கருத்து.

அதற்குச் சான்று விரைவிலேயே தோன்றியது. 1908-ஆம் ஆண்டு, தமது பதினாறாம் வயதில், தந்தையாரின் நிலத்தில் வாய்க்கால் வெட்டிய கறுப்பினத் தொழிலாளி ஒருவர் பாடிய ஒரே அடியை நைல்ஸ் கேட்டார். அவ்வோர் அடியை முதலாகக் கொண்டு, தன் பலகணியை விட்டு நீங்குமாறு காதலன் கூறும் பாட்டொன்றைத் தாமே முழுதும் இயற்றினார். அப்பாட்டைத் தாம் விரும்பிய ஒரு பெண்ணுக்காகப் பாடினார். அவள் அதற்கு இளகினாளில்லை. பல ஆண்டுகள் கழித்து உலகம் இளகிற்று. மார்லின் டீட்ரிச் போன்ற புகழ்வாய்ந்த பாடகியரும் அதனைப் பாடினர். கேட்ட துணுக்கு ஒன்று, இயற்றிய பகுதி ஒன்பது என்னும் இவ்வளவை அவர் வாழ்நாள் நெடுகக் காணலாம்.

1910-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஏழாண்டுகள் அவர் பரோஸ் என்னும் கணக்கியந்திரக் கம்பெனியில் ஊழியம் செய்தார். கடைகளிலும் வங்கிகளிலும் உள்ள கூட்டல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டு கிழக்குக் கென்டக்கியின் மலையூர்களில் அலைதல் அவர் தொழில். பகலில் பற்சக்கரங்களைச் செம்மை செய்வார். மாலையில் முதியோர் பாடக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. செவியும் எழுதுகோலுமே உண்டு. பாடியவர் இவ்வாறே பாடினாரா என்று பின்வந்தோர் ஒத்துப் பார்த்தற்கு வழியில்லாமற் போனமைக்கு இதுவே காரணம்.

முதல் உலகப் போரில் அவர் அமெரிக்க விமானப்படையிற் சேர்ந்து பிரான்சுக்குச் சென்று, விமான விபத்தொன்றிற் காயமுற்றார். போர் முடிந்தபின் லியோன் நகரிலும் பாரிசிலும் இசை பயின்று, தாய்நாடு திரும்பிச் சின்சினாட்டி இசைக்கல்லூரியிலும் கற்றார். பின்னர் நியூயார்க்கு சென்று பல சிறு தொழில்களால் வயிறு வளர்த்தார். மேரியன் கெர்பி என்னும் பாடகியாருடன் கூடி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கச்சேரிகள் செய்தார். போர்வீரர் பாட்டுக்களை இரு நூல்களாக வெளியிட்டார். இவ்வாண்டுகளைப் பற்றி அவர் சொல்லிய கதைகள் பல; கதை சொல்வதில் அவர் வல்லவராதலின் நாம் அவற்றுள் நுழையாது செல்கின்றோம்.

நியூயார்க்கில் டோரிஸ் உல்மன் என்னும் அம்மையாரின் நட்பு அவர்க்குக் கிடைத்தது. செல்வத்திற் சிறந்தவரும் உடல்நலம் குன்றியவருமாகிய அவ்வம்மையார், கண்ணாடித் தகடுகள் இட்டுப் படம் பிடிக்கும் பழைய பெருங் காமிராவைக் கொண்டு அப்பலேச்சிய மக்களைப் படம் எடுப்பதையே தம் பணியாகக் கொண்டிருந்தார். நைல்ஸ் அவர்க்கு உதவியாளராகிக் காமிராவைச் சுமந்தும், வழி காட்டியும், மலைமக்களோடு பேசியும் துணை நின்றார். அவர் படமெடுக்கும்போது இவர் பாட்டு எழுதினார். கைராட்டினத்தின் முன்னும், கூடையின் முன்னும், டல்சிமரின் முன்னும் அமர்ந்திருக்கும் அம்முதியோரின் முகங்களை இன்று நாம் படங்களிற் காணுதல் இவ்விருவர் பயணங்களின் பயனாம். உல்மன் அம்மையார் 1934-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் மறைந்தார்.

இப்பயணங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததே நம் மனத்தைப் பெரிதும் கவர்வது. 1933-ஆம் ஆண்டு சூலை மாதம் 16-ஆம் நாள், வட கரோலினாவில் மர்பி என்னும் சிற்றூர். சுவிசேஷக் கூட்டத்தார் ஒரு குடும்பத்தினர் ஊர்ச் சதுக்கத்திலே தங்கியிருந்தனர். அவர்கள் ஊரை விட்டு நீங்க வேண்டும் என்று காவலர் கட்டளையிட்டிருந்தனர். கைப்பொருள் இல்லாமையால் வழிச்செலவுக்குக் காசு திரட்ட ஒரு கூட்டம் கூட்டினர். அப்போது ஆனி மார்கன் என்னும் இளம்பெண் முன்வந்து நின்று ஒரு பாட்டின் சிறு பகுதியைப் பாடினாள். கந்தையும் புழுதியுமாக நின்ற அவளது முகமும் குரலும் நைல்சை ஈர்த்தன. மீண்டும் பாடுமாறு வேண்டி, ஒவ்வொரு முறைக்கும் கால் டாலர் கொடுத்தார். பன்முறை பாடியும் அவளிடம் இருந்தது மூன்றடிச் சொற்களும் இசையில் ஒரு துணுக்குமே. அவற்றைக் குறித்துக்கொண்டு அவர் சென்றார்.

அத்துணுக்கினின்று அவர் பாட்டை நீட்டி, அவ்வாண்டு அக்டோபர் மாதம் 4-ஆம் நாள் முடித்தார். டிசம்பர் மாதம் 19-ஆம் நாள், மர்பிக்கு அண்மையிலுள்ள பிராசுடவுனில், ஜான் கேம்பல் நாட்டுப்புறப் பள்ளியிலே அதனை முதன்முறை பாடினார். அதுவே ‘ஐ ஒண்டர் ஆஸ் ஐ வாண்டர்’ என்னும் கிறிஸ்துமஸ் கீதம். எளியோர் பொருட்டு மீட்பர் மரிக்கப் பிறந்தமையை எண்ணித் தனிவழியில் நடப்பவன் வியப்பதே அதன் பொருள். பெரும்பாலான கிறிஸ்துமஸ் பாட்டுக்கள் மணியோசையும் மகிழ்ச்சியுமாய் விளங்க, இஃது ஒன்று தாழ்ந்த குரலில் ஏக்கத்தோடு நடக்கின்றது. ஊரை விட்டுத் துரத்தப்பட்டோர் வாயினின்று அது பிறந்தது என்பதை அறிந்தபின், அவ்வேக்கம் பொய்யன்று என்று நமக்குத் தோன்றுகின்றது.

இனி அவருடைய டல்சிமரைக் காண்போம். மலைநாட்டார் மடியிற் கிடத்திய சிறு கருவியோடு அவர் அமைந்துவிடவில்லை. தச்சு அறிந்தவராதலின் மரம் தேர்ந்து, அறுத்து, வளைத்துத் தம் கருவிகளைத் தாமே செய்தார். அவை பெரியன, தந்திகள் மிகுந்தன, சிலவற்றின் உருவம் செல்லோ என்னும் ஐரோப்பிய வாத்தியத்தை நினைப்பூட்டுவது. குச்சியால் ஒரு தந்தியை வருடிப் பாட்டின் மெட்டைப் பின்தொடர்தல் மலைநாட்டு முறை. நைல்சோ ஆழ்ந்த குரலுடைய தந்திகளைக் கூட்டாக மீட்டி, அவ்வொலியின்மேல் தம் குரலைத் தனியே செலுத்தினார். அக்குரல் ஆண்மகனது குரலா பெண்மகளது குரலா என்று கேட்போர் மயங்குமாறு மிக உயரத்தே எழும். கதையிற் கொலையோ சாவோ வருமிடத்து வீரிட்டு, உடனே இழைபோல மெலியும். முதன்முறை கேட்பார் சிலர் நகைப்பதும் உண்டு. ஆனால் பாட்டு முடியுமுன் நகைப்பு அடங்கிவிடும். 1939-ஆம் ஆண்டில் விக்டர் கம்பெனியார் அவர் பாட்டுக்களை இசைத்தட்டுக்களாக வெளியிட்டனர். 1959-ஆம் ஆண்டில் நியூபோர்ட்டு நகரில் நிகழ்ந்த முதல் நாட்டுப்பாடல் விழாவிலும், அறுபத்தேழு வயதினராய், இளைஞர் திரளின் முன் பாடினார்.

புகழோடு வழக்கும் வந்தது. தம் கச்சேரிகளிலும் நூல்களிலும் அவர் பல பாட்டுக்களை மலைமக்களிடம் கேட்டவை என்றே வழங்கினார். பழம்பாட்டு ஒருவர்க்கும் உரியதன்று ஆதலின் மற்றவர்கள் தடையின்றி எடுத்துப் பாடினர். பெஞ்சமின் பிரிட்டன் என்னும் ஆங்கில இசைப்புலவரும் அக்கிறிஸ்துமஸ் கீதத்தை நாட்டுப்பாட்டு என்றே கருதித் தம் முறையில் பியானோவுக்கு அமைத்தார். அப்போது நைல்ஸ் எழுந்து, இவை என் இயற்றல், உரிமை எனது என்று வாதித்து, நீதிமன்றம் வரையும் சென்றார். கருங்கூந்தல் உடைய காதலியைப் பாடும் புகழ்பெற்ற பாட்டிலும் இவ்வாறே. சொற்கள் பழையன; பழைய இசையைத் தந்தையார் வெறுத்தமையால் புதிய இசையைத் தாமே அமைத்ததாக நைல்ஸ் விளக்கினார். 1961-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருந்தொகை நூலை ஆராய்ச்சியாளர் ஐயுற்றே நோக்கினர். எது கேட்டது, எது கட்டியது என்று பிரித்துக் காட்டாத நூல் ஆராய்ச்சிக்கு உதவாது என்பது அவர் கூற்று.

இவ்வழக்கிலே நாம் எப்பக்கம் நிற்பது? பாட்டை இயற்றினமைக்காக அவரைக் குறைகூற நாம் ஒருப்படோம். மூன்றடித் துணுக்கு உலகம் பாடும் கீதமாயிற்று எனின், அது ஒருவர் உழைப்பின்றி ஆயதன்று. கூலி கேட்டதும் குற்றமன்று; பாடகருக்கும் அடுப்பு எரிதல் வேண்டும். ஆனால் கேட்டார் பழமையை விரும்பியபோது பழையது என்றும், பொருள் வரும்போது தமது என்றும் கூறியது நேர்மையன்று. பழம்பாட்டைத் தொகுப்போர்க்குப் பாடியவர் பெயரும், ஊரும், நாளும், தாம் தொட்டுத் திருத்திய இடமும் வெளிப்படச் சொல்லும் கடமை உண்டு. நைல்ஸ் தம் குறிப்பேட்டில் ஆனி மார்கன் பெயரையும் நாளையும் எழுதிவைத்தார் என்பது அவர்க்கு ஆறுதலாகக் கூறத்தக்கது. எல்லாப் பாட்டுக்கும் அவ்வளவு தெளிவாகச் செய்திருப்பாராயின், அவரைச் சான்றாகக் காட்ட எவரும் அஞ்சியிரார்.

கருவியைப் பற்றியும் இவ்வண்ணமே கூறுதல் தகும். நைல்சின் பெருங்கருவிகளைக் கண்டோர் அதுவே மலைநாட்டு டல்சிமர் என்று கருதினர், அஃது உண்மையன்று. உண்மைக் கருவியைக் காண விழைவோர் நாட் கோட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எட்வர்டு தாமஸ் என்னும் முதியவரிடம் செல்லுதல் வேண்டும். 1850-ஆம் ஆண்டிற் பிறந்து 1933-இல் மறைந்த அவர், ஏறக்குறைய 1,500 டல்சிமர்களைத் தம் கையால் செய்து, அவற்றுக்கு எண்ணும் நாளும் இட்டு, மலைவழிகளிற் கொண்டு சென்று விற்றார் என்பர். அல்லது வைப்பர் என்னும் மலையூரிலே பதினான்கு மக்களுள் கடைக்குட்டியாய் 1922-இல் பிறந்த ஜீன் ரிட்சி அம்மையாரிடம் செல்லுதல் வேண்டும். தந்தையிடம் டல்சிமர் கற்று, 1947-இல் நியூயார்க்கு சென்று ஏழைச் சிறார்க்குத் தொண்டு புரிந்தவர் அவர். தம் வீட்டுப் பாட்டுக்களை மூன்று தந்திகளோடு அடங்கிய குரலிற் பாடி, கற்கும் முறையை நூலாக எழுதி, 2015-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். இன்று அமெரிக்காவிற் பல்லாயிரவர் மடியில் வைத்து வாசிப்பது ரிட்சியின் டல்சிமரே. நைல்சின் டல்சிமர் அவரோடு நின்றுவிட்டது. ஆயினும் ரிட்சி நகருக்கு வருமுன்னரே, டல்சிமர் என்னும் பெயரை அரங்குகளிலும் இசைத்தட்டுக்களிலும் பரப்பியிருந்தவர் நைல்ஸ் என்பதை மறுத்தல் இயலாது.

1936-ஆம் ஆண்டில் ரீனா லிபெட்ஸ் என்னும் மங்கையை மணந்து, லெக்சிங்டன் நகருக்கு அணித்தாய பூட்டு ஹில் என்னும் பண்ணையில் குடியேறினார். மைந்தர் இருவர் பிறந்தனர். நிலத்தை உழுதும், கதவுகளிற் சித்திரம் செதுக்கியும், டல்சிமர் செய்தும், கச்சேரிக்கு அழைப்பு வந்துழிச் சென்று பாடியும் நாற்பதாண்டுகள் அங்கே கழித்தார்.

முதுமையில் அவர்க்குப் புதிய ஊக்கம் ஒன்று பிறந்தது. கென்டக்கி நாட்டின் கெத்சமனே மடத்திலே துறவியாய் வாழ்ந்த தாமஸ் மெர்ட்டன் என்பாருடைய கவிகளுக்கு 1967-ஆம் ஆண்டு முதல் இசை அமைக்கத் தொடங்கினார். துறவியார் பண்ணைக்கு வந்து அவற்றுட் சிலவற்றைக் கேட்டு உளம் உருகினார். 1968-ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஆசியாவிற் பயணம் செய்து, சென்னையில் பரங்கிமலையையும், கடற்கரையிலுள்ள மாமல்லபுரத்தையும் தரிசித்து, இலங்கை சென்று, டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் பாங்காக்கில் எதிர்பாராது இறந்தார். நைல்ஸ் அதன்பின்னும் நிறுத்தாமல் 1970-ஆம் ஆண்டிற்குள் இருபத்திரண்டு பாட்டுக்களை முடித்தார். இவை டல்சிமருக்கு அல்ல, பியானோவுக்கும் பயின்ற குரலுக்கும் எழுதப்பட்டவை. மலைமக்கள் பெயரையோ பழமையின் பெயரையோ மேற்கொள்ளாமல், சொல் இன்னாருடையது, இசை என்னுடையது என்று தலைப்பிலேயே கூறி நிற்கும் இப்பாட்டுக்களை நாம் தனி மதிப்போடு நோக்குகின்றோம்.

1978-ஆம் ஆண்டில், எண்பத்தாறு வயதில், வட கரோலினாவிலே கடைசிக் கச்சேரி செய்தார். 1980-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள் பூட்டு ஹில்லில் உயிர் நீத்து, அண்மையிலுள்ள புனித ஹூபர்ட்டு ஆலயத்தின் நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இசையை ஆராயும் நிலையம் ஒன்று அவர் பெயரால் விளங்குகின்றது. அவருடைய குறிப்பேடுகள் அப்பல்கலைக்கழகத்திலே காக்கப்பட்டுள்ளன. கேட்டது எது, கட்டியது எது என்று காண விழைவோர் இன்றும் அவற்றைப் புரட்டி வருகின்றனர்.